தாய் சேய் கிளினிக்குக்கு வரும் காசு யார் கையில்? யாரிடம் போய்க் கேட்பது?

கொட்டியாரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்குப் பக்கம் எங்கள் ஊர். ஊர்ப் பெயரைப் போடவில்லை, போட்டால் கடைசியில் எங்கள் மிஸ்ஸுக்குத்தான், அதாவது வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தருக்குத்தான், ஏச்சு விழும், அந்த மனுசி ஏற்கெனவே பாவம்.

விசயம் இதுதான். எங்கள் கிளினிக் கட்டடம் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டித் தந்தது. கட்டின நேரம் நல்ல வடிவாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் சீலிங் தொங்குகிறது, தண்ணீர் மோட்டார் எரிந்து அப்படியே கிடக்கிறது, அதனால் கக்கூசைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கிளினிக் நாளில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் காலையில் வந்தால் மத்தியானம் வரை இருக்க வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கொடுக்க வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

அடுத்தது ஆள். எங்கள் பிரிவுக்கு ஒரு மிஸ் இருக்கிறார். பக்கத்துப் பிரிவுக்கு ஆளே இல்லை, அதையும் இவர்தான் பதில் கடமையாகப் பார்க்கிறார். என் தங்கச்சிக்கு இந்த வருசம் குழந்தை கிடைத்தது. மிஸ் ஒரு தடவைதான் வீட்டுக்கு வர முடிந்தது, அதுவும் பொழுதுபட்ட பிறகு, ஸ்கூட்டிக்குத் தன் காசில் பெட்ரோல் அடித்துக்கொண்டு.

நான் நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் "மாகாணத்திலிருந்து காசு வரவில்லை" என்றார்கள். பிரதேச சபை உறுப்பினர் "அது சுகாதாரத் திணைக்களத்தின் வேலை தம்பி" என்றார். டிஎஸ் ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) "எங்களிடம் கர்ப்பிணிகள் சாமான் வாங்கக் கொடுக்கும் போசாக்கு வவுச்சர் மட்டும்தான்" என்றார்கள். எம்பியின் ஆள் ஒருவர் "ஒரு கடிதம் எழுதித் தாங்க, எம்பிக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் பார்ப்போம்" என்று வாங்கி வைத்ததோடு சரி. ஆனால் பட்ஜெட் நாளில் டிவியைப் போட்டால் கர்ப்பிணித் தாய்மாருக்கு இத்தனை மில்லியன், திரிபோஷாச் சத்துமாவுக்கு இத்தனை மில்லியன் என்று வாசிக்கிறார்கள். அந்தக் காசு எங்கே போகிறது, எங்கள் கிளினிக் வாசலுக்கு ஏன் வரவில்லை? விளங்கியவர்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம்.

கிண்ணியா ராத்தா:

தம்பி, வவுச்சர் விசயத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

டிவியில் வாசிக்கும் காசில் ஒரு பெரிய பங்கு அந்த வவுச்சருக்குப் போகிறது. 2015இல் தொடங்கியது, அப்போது மாதம் 2,000 ரூபா பெறுமதி, 10 மாதத்துக்கு 20,000. பிறகு சாமான் விலை ஏற ஏறத் தொகையையும் கூட்டினார்கள். அது சுகாதாரத் திணைக்களத்தின் காசே இல்லை. மகளிர், சிறுவர் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சிலிருந்து பிரதேச செயலகத்துக்கு வருகிறது, எம்ஓஎச் ஒபிஸ் பெயர்ப் பட்டியல் கொடுப்பதோடு சரி. தாய் நேரத்துக்குப் பதிவு செய்யாவிட்டால் பட்டியலில் பெயர் வராது, பெயர் வராவிட்டால் வவுச்சர் இல்லை. அதனால்தான் மிஸ்மார் 8 வாரத்துக்குள் பதியச் சொல்லித் தலையால் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் மூன்று மாதம் தாண்டுமட்டும் வெளியில் சொல்லக் கூடாது என்று வீட்டிலேயே மறைக்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள், என்ன செய்வது.

வவுச்சரில் கிடைக்கிற சாமானைப் பற்றி ஒரு குறை. எங்கள் பகுதிக் கடையில் பருப்பும் நெத்தலியும் முடிந்து, வவுச்சரை முடிக்க வேண்டுமென்று தேவையில்லாத சாமானை எடுத்துக்கொண்டு போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். காசு கையில் கொடுத்தால் வீட்டில் வேறு செலவுக்குப் போய்விடும் என்று அதிகாரிகள் சொல்வதும் விளங்குகிறது. ஆனாலும் இறால் பிடிக்கிற ஊரில் ஒரு கர்ப்பிணிக்கு உடன் மீன் வாங்க வழியில்லாத வவுச்சர் என்னத்துக்கு.

ஓய்வுக் கணக்கர்:

தம்பி கொட்டியாரத்தான், நான் மாகாண சேவையில் கணக்குப் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு நாலு இடத்திலும் சொன்ன பதில் நாலும் உண்மைதான், கரைச்சலே அங்கேதான் இருக்கிறது. தாய் சேய் நலத்துக்கென்று ஒரே பெட்டியில் காசு வருவதில்லை. உங்கள் தங்கச்சி கிளினிக்கில் இருக்கும்போது அவர் கையிலிருக்கும் திரிபோஷா பக்கற் ஒரு கணக்கில் வந்தது, வவுச்சர் இன்னொரு கணக்கில் வந்தது, பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி கொழும்பில் மத்திய அமைச்சு வாங்கியது, மிஸ்ஸின் சம்பளம் மாகாணத்தது, தலைக்கு மேல் தொங்கும் சீலிங் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவான பிறகு சுகாதாரம் பெரும்பாலும் மாகாணத்துக்கு வந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மாதிரிப் பெரியவை மத்திய அமைச்சிடமே இருக்கின்றன. எம்ஓஎச் ஒபிஸ், கிளினிக், குடும்பநல உத்தியோகத்தர், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எல்லாம் மாகாணம். எப்படி வேலை செய்ய வேண்டும், எத்தனை தடவை வீட்டுக்குப் போக வேண்டும், எந்தப் பதிவேட்டை நிரப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகம், 1968இலிருந்து இருக்கிறது. ஆக, வேலையைச் சொல்வது ஒரு இடம், வேலைக்குக் காசு தேட வேண்டியது இன்னொரு இடம்.

மாகாணத்துக்குச் சொந்த வருமானம் என்ன இருக்கிறது? முத்திரைத் தீர்வை, வாகன வரிப்பத்திரம், நீதிமன்றத் தண்டப்பணம், இப்படிச் சிலது. அதில் கிழக்கு மாகாணம் நடக்காது. மிச்சம் பெரிய தொகை திறைசேரியிலிருந்து, மாகாணங்களுக்குக் காசைப் பங்கிடச் சொல்லும் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் வரவேண்டும். அது இரண்டு முக்கிய வழியில் வரும். ஒன்று மீண்டுவரும் செலவுக்கு, அதாவது சம்பளம், பயணப்படி, மின்சாரம், தண்ணீர், சின்னத் திருத்தம். அதில் சம்பளத்தைக் கட்டி முடித்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம். உங்கள் தண்ணீர் மோட்டார் அந்தக் கொஞ்சத்துக்குள்தான் போட்டி போட வேண்டும். மற்றது மூலதனச் செலவுக்கு, பிஎஸ்டிஜி என்பார்கள், அதாவது மாகாணத்துக்கென்று தரும் அபிவிருத்தி மானியம், புதுக் கட்டடம், பெரிய திருத்தம், உபகரணம் எல்லாம் அதில்.

பிஎஸ்டிஜியில் ஒரு பகிடி இருக்கிறது, அழ வேண்டிய பகிடி. கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 உடன் முடிகிறது. திட்டம் அங்கீகாரமாகி, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தகாரர் வந்து, திறைசேரி காசை விடும்போது பல வருசங்களில் ஐப்பசி கார்த்திகை ஆகிவிடும். திருகோணமலையில் அப்போதுதான் மாரி தொடங்கும். கூரையைக் கழற்ற முடியாது, மணல் ஏற்ற முடியாது, வெருகல் பக்கம் வெள்ளம் என்றால் லொறியே போகாது. டிசம்பர் முடிந்தால் செலவழிக்காத காசு போச்சு. அடுத்த வருசம் "நீங்கள் தந்ததையே செலவழிக்கவில்லையே" என்று குறைப்பார்கள். சிறுபோகம் பெரும்போகம் பார்த்து வயல் செய்கிற மாவட்டத்துக்கு ஐரோப்பியக் கலண்டரில் கட்டட வேலை.

2022இல் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு புதிய மூலதன வேலைகளை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. அந்த வருசம் தள்ளிப்போன திருத்தங்கள் எல்லாம் வரிசையில் குவிந்தன. உங்கள் சீலிங்கும் அந்த வரிசையில் இருக்கலாம், அல்லது வரிசையிலேயே இல்லாமலும் இருக்கலாம். அதற்காகத்தான் கேட்கிறேன்: அந்தக் காணி யாருடைய பெயரில்? கட்டடத்தைக் கட்டித் தந்த நிறுவனம் யாரிடம் எழுத்தில் ஒப்படைத்தது? சுகாதாரத் திணைக்களத்தின் சொத்துப் பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்குத் திணைக்களக் காசைச் செலவழித்தால் கணக்காய்வில் அந்த அதிகாரியின் கழுத்துத்தான் போகும். எவ்வளவு நல்ல மனுசனாக இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்று. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பருடன் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரும் செயலாளர்களும்தான் நடத்துகிறார்கள். முன்பென்றால் மூதூர்த் தொகுதி ஆள் ஒருவர் சபையில் எழும்பி "எங்கள் கிளினிக்குக்கு என்ன நடந்தது?" என்று மாகாண சுகாதார அமைச்சரைக் கேட்கலாம், அடுத்த நாள் பேப்பரில் வரும். இப்போது கேட்க ஆளில்லை. இத்தனைக்கும் மாகாணத் தலைமைச் செயலகம் திருகோணமலை ரவுணுக்குள்தான் இருக்கிறது, அம்பாறை ஆட்கள் பொத்துவிலிலிருந்து வருகிறார்கள், நாங்கள் பஸ் ஏறினால் போய்விடலாம்.

ஸ்காபரோ மச்சான்:

மேலே எழுதியதை எல்லாம் வாசிக்கத் தலை சுற்றுகிறது. ஒரு மோட்டாருக்கும் சீலிங்குக்கும் நிதி ஆணைக்குழு மட்டும் போக வேண்டுமா? நாங்கள் இங்கே கனடாவில் ஊர்ச் சங்கம் வைத்திருக்கிறோம், கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு சேர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்டிமேட்டை அனுப்புங்கள், கட்டடத்தையே உடைத்துப் புதிதாக டைல்ஸ் போட்டு, ஏசி போட்டுக் கட்டித் தரலாம். அரசாங்கத்தை நம்பிக்கொண்டிருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிடும்.

தமிழ்நாட்டில் பாருங்கள், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்திட்டம், 18,000 இந்திய ரூபா, பெரும்பகுதி நேரே பாங்க் கணக்குக்குப் போகிறது. எங்கள் நாட்டில் இன்னும் வவுச்சர் துண்டு.

முன்னாள் மிஸ்:

ஸ்காபரோ தம்பி, கோபிக்காதீர்கள். உங்கள் மனசு நல்ல மனசு, ஆனால் ஏசி போட்ட கட்டடத்துக்குள் யாரை இருத்தப் போகிறீர்கள்?

நான் இந்த மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக நிறையக் காலம் வேலை செய்தேன், எந்தப் பிரிவு என்பது வேண்டாம். ஒரு மிஸ்ஸுக்கு ஏறக்குறைய 3,000 சனம் என்பது கணக்கு. பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் அது இரட்டிப்பாகிறது, ஆனால் அவளுக்கு நாள் இரட்டிப்பாவதில்லை. பிள்ளை பிறந்த தாயை முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை, பிறகு 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். கொட்டியாரத்தான் தங்கச்சிக்குக் கிடைத்தது ஒன்று. மிச்சம் மூன்றும் பட்ஜெட்டில் எங்கேயும் "குறைந்த செலவு" என்று எழுதப்படாது, அது எந்தக் கணக்காய்வாளர் கண்ணிலும் படாது.

அப்படி வீடு தேடிப் போய்வருவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கைக்குழந்தை இறப்பில் பெரும்பங்கு முதல் 28 நாளுக்குள் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் பிரசவம் இப்போது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கிறது, அதில் இலங்கை நன்றாகச் செய்துவிட்டது, ஆனால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் கூடுகிறதா, தொப்புளில் சீழா, பால் இறங்கிப் பிள்ளை உறிஞ்சுகிறதா, தாய்க்கு இரத்தப்போக்கு மணக்கிறதா, காய்ச்சலா, அவள் ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள், இதெல்லாம் வீட்டுக்குள் போய்ப் பாயில் இருந்து பார்த்தால்தான் தெரியும். மாமியார் பக்கத்தில் இருந்தால் தாய் வாய் திறக்க மாட்டாள், அவரைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம். ஒரு ஸ்கூட்டி, பெட்ரோல், நேரம், தமிழில் கதைக்கத் தெரிந்த ஒரு பெண், அவ்வளவுதான்.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாட்டின் பெயர் வந்ததே இந்த நடைக்காரிகளால்தான். இன்று ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 30 தாய் மரணம் என்ற அளவில் நிற்கிறோம், எங்களைவிடப் பணக்கார நாடுகள் பல அதற்குக் கிட்டவும் வரவில்லை. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்குப் பின்னால் இருந்தது ஒவ்வொரு கர்ப்பிணியையும் வீடு தேடிப் பதிந்து இரத்தம் எடுக்க வைத்த வேலை. மலிவான வேலை. மலிவு என்பதாலேயே அதை யாரும் கவனிக்கிறார்கள் இல்லை.

வெற்றிடம் ஏன் நிரம்பவில்லை என்றால், மிஸ்ஸைப் பயிற்றுவிக்க ஒன்றரை வருசம் வேண்டும். ஆளணியைக் கூட்ட முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பயிற்சிக்கு ஆள் எடுப்பது கொழும்பில். எடுத்தாலும் தமிழ் பேசும் பிள்ளைகள் போதாது, வருகிற பிள்ளைகளும் ரவுண் பக்கம் இடமாற்றம் கேட்கும். இரவில் பஸ் இல்லாத, தங்க இடம் இல்லாத ஊருக்குக் கலியாணம் கட்டாத பிள்ளையை அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஸ்காபரோ தம்பிக்கு உண்மையாகவே உதவ விருப்பமென்றால் டைல்ஸை விடுங்கள். மிஸ் தங்குவதற்குத் தண்ணியும் பூட்டும் உள்ள ஒரு நல்ல அறை, இருட்டில் போய்வர ஒரு வழி, இதைத் திணைக்களத்தோடு எழுத்தில் கதைத்துச் செய்யுங்கள். பேச்சுக்குக் கட்டிக் கொடுத்து நாடாவை வெட்டி போட்டோ எடுத்துவிட்டுப் போன கட்டடங்களில் ஒன்றுதான் இப்போது இந்தத் தம்பியின் ஊரில் சீலிங்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றும் கணக்கர் ஐயாவுக்காக. எங்கள் பகுதிக்குத் தேவை எவ்வளவு என்று நிரூபிக்கவும் எண் வேண்டும். 2000இல் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை. 25 மாவட்டமும் சேர்ந்தது 2016இல்தான். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15.1 சதவீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லாமல் இருந்தார்கள், நாடு முழுதுக்கும். அது நெருக்கடிக்கு முந்தின எண். 2022இல் சோளத்தில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷாவை நிறுத்திய நேரம் நிறைப் புத்தகத்தில் கோடு எப்படிக் கீழே போனது என்பதை மிஸ்மாரிடம் கேளுங்கள்.

ஸ்காபரோ மச்சான்:

சரி அக்கா, ஏசியை விடுகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அறை கட்டித் தருவது, பெட்ரோல் தருவது எல்லாம் நாங்கள் செய்யத் தொடங்கினால் மாகாணம் "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இன்னும் கையைக் கழுவாதா? பள்ளிக்கூடங்களில் அதைக் கண்டோம். பழைய மாணவர் சங்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் இருக்கிறது, இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகைகூட இல்லை.

முன்னாள் மிஸ்:

அது நல்ல கேள்வி. பெட்ரோல் தராதீர்கள். சம்பளம், பயணப்படி, மருந்து இதெல்லாம் அரசாங்கம் கட்ட வேண்டியது, அதில் கை வைத்தால் நீங்கள் நிறுத்தும் நாளில் வேலை நிற்கும். வெளிநாட்டில் சங்கம் இல்லாத ஊர்களும் இருக்கின்றன, சேருநுவரப் பக்கம், கோமரங்கடவலப் பக்கம் சிங்கள ஊர்களில் மிஸ்ஸுக்குள்ள தூரம் எங்களுடையதைவிடக் கூட. அவர்களுக்கு யார் அனுப்புவது?

கொட்டியாரத்தான்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கணக்கர் ஐயா கேட்ட காணி விசயத்தை எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கப் பழைய தலைவரிடம் விசாரித்தேன். காணி சங்கத்துக்கென்று ஒதுக்கின அரச காணியாம், உறுதி எதுவும் இல்லை, ஒரு கடிதம் இருந்ததாம், அது 2006 யுத்த இடம்பெயர்வோடு போனதோ, அதற்குப் பிறகு வந்ததோ அவருக்கே தெளிவில்லை. கட்டடத்தை ஒப்படைத்த நாளில் சாவியைப் பெரிய டொக்டரிடம் கொடுத்தார்களாம், தாளில் எதுவும் இல்லை. அப்போ ஐயா, கட்டடம் யாருடையதும் இல்லையா? இப்போது நான் எதிலிருந்து தொடங்குவது?

ஓய்வுக் கணக்கர்:

நினைத்தேன். மோட்டார், சீலிங் என்று கேட்டுக்கொண்டு திரிவதை நிறுத்துங்கள், முதலில் காணியைப் பிடியுங்கள். பிரதேச செயலகக் காணிப் பகுதிக்குப் போய் அந்தத் துண்டின் நிலை என்னவென்று கேளுங்கள். அரச காணியாகவே இருந்தால், அதைச் சுகாதாரத் திணைக்களத்தின் பெயருக்கு ஒதுக்கித் தரும்படி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரதேச செயலாளருக்கு எழுத வேண்டும். சங்கம் "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதன் பிரதியை இணைத்துக் கொடுங்கள். இது நடக்காமல் எந்தக் காசும் சட்டப்படி அந்தக் கூரைக்கு ஏறாது, எம்பியின் காசும்தான்.

அதோடு சேர்த்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. ஆனால் "ஏன் எங்கள் கிளினிக்கைத் திருத்தவில்லை?" என்று எழுதாதீர்கள். அதற்கு "நிதி இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், சட்டப்படி அது போதும். தாளைக் கேளுங்கள். இப்படி:

"பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் சொத்துப் பதிவேட்டில் இந்தக் கிளினிக் நிலையம் பதியப்பட்டுள்ளதா, பதியப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த எம்ஓஎச் பிரிவின் கிளினிக் நிலையங்களுக்குப் பராமரிப்புச் செலவாக ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும், நிலையம் வாரியாக. இந்தப் பிரிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட குடும்பநல உத்தியோகத்தர் ஆளணி எத்தனை, கடமையில் இருப்போர் எத்தனை, வெற்றிடம் குறித்து மாகாணப் பணிப்பாளருக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்."

மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கடிதங்கள் போயிருந்தால் உங்கள் எம்ஓஎச் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்று தெரியும், அடுத்து மேலே போய்க் கேட்கலாம். போகாமல் இருந்தால், கேள்வி வந்த பிறகாவது போகும்.

நேரத்தையும் பாருங்கள். அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலை நடு ஆண்டு அளவிலேயே சேர்க்கத் தொடங்குவார்கள். நவம்பரில் பட்ஜெட் வாசிக்கிற நாளில் டிவிக்கு முன்னால் இருந்து ஏசுவதில் பிரயோசனமில்லை, அப்போது மாகாணப் பட்டியல் பூட்டியாயிற்று. வைகாசி ஆனிக்குள் உங்கள் கிளினிக்கின் பெயர் எம்ஓஎச்சின் பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கிண்ணியா ராத்தா:

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கூடும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் இதைக் கேட்கலாம், ஆனால் அங்கே தம்பி தனியாகப் போகாதீர்கள். கிளினிக்குக்கு வருகிற தாய்மாரையே கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பக்கம் தாய்மார் ஆதரவுக் குழு என்று ஒன்று இருக்கிறது, மிஸ் கூப்பிட்டு நடத்துவது. ஒரு முறை கிளினிக்குக்குத் தண்ணி இல்லாத பிரச்சினைக்கு ஆம்பிளைகள் எழுதிய கடிதம் எத்தனையோ போனது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைப்பிள்ளையோடு ஒரு கூட்டம் பொம்பிளைகள் போய்க் கூட்ட மண்டபத்துக்குள் இருந்தார்கள். பிள்ளைகள் அழுத அழுகையில் கூட்டம் நடத்த முடியாமல் போய், நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்த எங்கள் விசயத்தை முதலில் எடுத்தார்கள், குழாய் வந்தது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்குமட்டும் நாங்கள் பிரசவ வலியோடு பாதைக்கு, அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகுக்கு, காத்திருந்த ஆட்கள். அதனால் எங்கள் உம்மாமாருக்கு அதிகாரிகளுக்கு முன்னால் வெட்கம் கிடையாது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூச்சப்பட்டால் சொல்லுங்கள் தம்பி, நாங்கள் நாலு பேர் மூதூருக்கு வந்து கதைக்கிறோம்.

கொட்டியாரத்தான்:

வாங்க ராத்தா, கட்டாயம் வாங்க, சாப்பாடு எங்கள் வீட்டில். தங்கச்சியிடம் சொன்னேன், "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் வாறன், அவன் நல்லா அழுவான்" என்கிறாள். ஐயா, மனுவில் அந்த மூன்று கேள்வியையும் அப்படியே எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: பக்கத்துப் பிரிவு வெற்றிடத்தையும் அதே மனுவில் கேட்கலாமா, அல்லது வேறாகப் போட வேண்டுமா?

ஓய்வுக் கணக்கர்:

ஒரே எம்ஓஎச் பிரிவுக்குள் என்றால் ஒரே மனுப் போதும். பிரிவு மாறினாலும் பணிமனை ஒன்றுதான், ஆனால் பெயர்களைத் தனித்தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் தந்துவிட்டு முடித்ததாகச் சொல்வார்கள். மனுவைக் கொடுத்ததும் கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் படியிறங்க வேண்டாம்.